பத்தவைக்கிற பக்கம்

ரெசிஸ்டர் வேண்டுமென்றால் வில்லியனூரில் கடைக்குப் போய் "பத்து கே-ல கொஞ்சம் குடுப்பா" என்றால் போதும். கடைக்காரர் தலைகூட நிமிராமல் எடுத்துப் போடுவார். அதையே மின்சுற்று வரைகிற மென்பொருளில் கேட்டுப் பாருங்கள். என்ன வகை, என்ன அளவு, காலோடா காலில்லாமலா, படுத்திருக்க வேண்டுமா நின்றிருக்க வேண்டுமா என்று பெண் பார்க்க வந்த வீட்டார் மாதிரி விசாரித்துவிட்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கிற நூற்றுக்கணக்கான படங்களை முன்னால் கொட்டும். நான் பயன்படுத்துவது யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம் என்கிற வகை மென்பொருள். உலகத்து அறிவாளிகள் எல்லாரும் சேர்ந்து வளர்த்த பிள்ளை, அதனால் செல்லம் கொஞ்சம் அதிகம்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் புரிகிற மாதிரி இதற்கு ஓர் எளிய உதிரிபாகத் தொகுப்பு செய்து கொடுக்கலாம் என்று நானாகத்தான் கிளம்பினேன். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. அதுவரை சேதராப்பட்டில் மோட்டார் பேனல்களுக்கு மின்சுற்று போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் வரைபடப் பிரிவில் இருந்தேன். ஒருநாள் அந்தப் பிரிவையே தூக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். "நீங்களும் தாராளமா வரலாம் மேடம்" என்றார் மேலாளர். பாகூர்ப் பக்கம் கரும்பு போட்டிருக்கிற கணவரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட்டுவிடலாம் என்று நினைத்திருப்பார், பாவம். நான் வீட்டுக் கூடத்தில் கணினியை வைத்து வெளியாட்களுக்கு போர்டு வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். மீதி நேரத்துக்கு இந்தத் தொகுப்பு. அதற்குச் சம்பளம் 'நன்றி' என்ற ஒரு சொல், அதுவும் ஆங்கிலத்தில்.

வேலை நன்றாகத்தான் போனது, அதில் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிற உதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் போடுகிற குறி, போர்டில் அதன் கால்களுக்கான துளைகள் எங்கெங்கே வரும் என்கிற அச்சு, கையில் வாங்கினால் எப்படி இருக்கும் என்கிற போட்டோ. கீழே தமிழில், கடையில் அதை எப்படிக் கேட்பது, எந்தக் கால் எதற்கு, கடைசியாக 'மாற்றிப் போட்டால் எது புகையும்' என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியில் எனக்கு ரொம்பவே பெருமை.

நான் அனுப்புவதைப் பார்த்து ஒப்புக்கொள்ள அந்தப் பக்கம் ஒருவர் இருந்தார். ஏதோ குளிர்நாட்டுக்காரர், முகம் பார்த்ததில்லை. ரெசிஸ்டருக்கான குறியை நெளிநெளியாகப் போடுவதா, கட்டமாகப் போடுவதா என்று அவரும் இன்னொருவரும் வாரக்கணக்கில் சண்டை போட்டார்கள். எங்கள் ஊர் வரப்புத் தகராறுகூட அதற்குள் பஞ்சாயத்துக்கு வந்து, ஆளாளுக்குக் கத்தி, டீயும் குடித்து முடிந்திருக்கும். 'புதிதாக வருகிறவருக்கு இது புரியுமா?' என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் என் மனதில் கண்ணாடி போட்ட ஒரு கல்லூரி மாணவன் வந்து நிற்பான். அவனுக்காகத்தான் அத்தனையும் வரைந்தேன். அவன் கடைசிவரை வரவேயில்லை. வந்தவள் வேறு.

அவள் குருவிநத்தத்துக்காரி. அதே கம்பெனியில் பத்தவைக்கிற வரிசையில் இருந்தாள். ஈயத்தை உருக்கி உதிரிகளின் கால்களை போர்டோடு ஒட்டுவதை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் அங்கே இருந்தவரை இரண்டு பேரும் ஒரே வேனில் போய்வந்தோம். ஏறியதிலிருந்து இறங்கும்வரை அவள் வாய் மூடாது. கம்பெனியில் தன்னை மாதிரி பத்தவைக்க ஆளில்லை என்பதை அவளே எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அது உண்மையாகவும் இருந்து தொலைத்ததால் மறுத்துப் பேச முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கூடத்தில் உட்கார்ந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"யக்கா, எங்க லைனுக்கு மிஷின் வருதாம். ஈயத்த கொளம் மாதிரி காய்ச்சி வச்சி, மேல போர்ட ஓட்டி எடுத்துடுமாம். பொங்கலோட எங்கள வூட்டுக்குப் போவச் சொல்லிட்டானுங்க."

மரியாதையாகவே சொன்னார்களாம். ஆளுக்கொரு டிபன் கேரியர் கொடுத்து அனுப்பப் போகிறார்களாம். அதில் சோறு கட்டிக்கொண்டு எங்கே போவது என்பதை மட்டும் கம்பெனி சொல்லவில்லை. நாற்பது தாண்டியவளைத் தொழிற்பேட்டையில் வேறு எவனும் எடுக்கமாட்டான். வீட்டில் படிக்கிற பெண்கள் இருவர், வேலைக்குப் போகத் தோன்றுகிற நாளில் மட்டும் போகிற புருஷன் ஒருவர். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் கையால்தான்.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் பக்கத்து மோட்டார் எல்லாம் மூன்று பேஸ், அதாவது மும்முனை மின்சாரத்தில் ஓடுபவை. அதில் ஒரு பேஸ் போய்விட்டால் மிச்சம் இரண்டில் மோட்டார் முக்கிமுக்கி ஓடி, உள்ளே சுற்றியிருக்கிற கம்பி, அதாவது காயில், கருகிப்போகும். பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்துகிற சின்ன போர்டு ஒன்று உண்டு, பிரிவென்டர் என்பார்கள். கடையில் விற்பது ஒரு கோடையைத் தாண்டினால் பெரிது. அதைவிட நல்லதாகத் தானே செய்து தருவதாக ஊரில் பம்புசெட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். சொன்ன பிறகுதான் எப்படிச் செய்வது என்று கேட்க என்னிடம் வந்தாள். அவர்களில் பெரிய கையான ஒருவர் நிபந்தனை போட்டிருந்தார். "ஒன்னு செஞ்சி எடுத்தா. எம் மோட்டார்லயே மாட்டு. ஒரு பேஸப் புடுங்குவோம். நின்னுச்சா, எல்லாரும் உங்கிட்டயே வாங்கறோம். நிக்கலன்னா இந்தப் பக்கம் வரக்கூடாது." அவருடைய பெருந்தன்மையை என்னவென்று சொல்வது.

அவளுக்கு என் தொகுப்பைத் திறந்து காட்டினேன். நான் பார்த்துப் பார்த்து எழுதிய விளக்கங்களை எல்லாம் விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

"இன்னாக்கா, பள்ளிக்கூட புக்கு மாதிரி எழுதி வச்சிக்கீற?"

'எது புகையும்' வரியை மட்டும் ஒன்றுவிடாமல் படித்தாள், சிரித்தாள். விடுமுறை நாட்களில் வந்து வந்து வரையக் கற்றுக்கொண்டாள். சுற்றை நான் போட்டுக் கொடுத்தேன். உதிரிகளை எடுத்து வைத்துக் கோடு இழுத்து போர்டாக்கியது அவள். ஒருநாள் நான் கரும்பு வெட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்று கொல்லைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் முடித்து, மென்பொருளின் சரிபார்ப்பையும் ஓட்டி, போர்டு அடித்துக் கொடுக்கிற வெளியூர்க்காரருக்கு அனுப்பியும் விட்டாள்.

"எங்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு அனுப்பக்கூடாதாடி?"

"தப்பு ஒன்னும் இல்லன்னு அதுவே சொல்லிச்சேக்கா. நீ வேற எதுக்கு?"

மென்பொருள் சொன்னது வாஸ்தவம். பிழை எதுவும் இல்லை என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது.

போர்டுகள் வந்தன. ஒரு பக்கம் மட்டும் செம்புக்கோடு ஓடுகிற மலிவு வகை. பத்தவைத்து எடுத்துவந்தாள். ஈயம் ஒவ்வொரு காலிலும் மொட்டு மாதிரி உட்கார்ந்திருந்தது, குறை சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மோட்டார் கொட்டகையில் வைத்துச் சோதித்தோம். மோட்டாருக்குப் பதில் பல்பு போதும் என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் திறமை மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மின்சாரம் கொடுத்ததும் ஒரு டிரான்சிஸ்டர் சுட்டது. அவளே தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு, அதைக் கழற்றிக் காலைத் திருப்பிப் போட்டாள். சூடு நின்றது. மூன்று பேஸும் இருந்தன, பல்பு எரியவில்லை. நான் ஒரு பேஸைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று சத்தம். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதே, நல்லதுதான?" என்றார் கணவர்.

நல்லதுதான். மின்சாரம் ஒழுங்காக இருக்கும்போது மோட்டாரை நிறுத்தி வைத்து, பேஸ் போனதும் அக்கறையாக எழுப்பி ஓடவிட்டுக் கொளுத்துகிற ஒரு கருவியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்திருந்தோம். அதைப் பெரியவர் மோட்டாரில் மாட்ட இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. புது போர்டு அடித்து வர அந்த ஒரு வாரம் போதாது. தள்ளிப் போடவும் முடியாது. அதற்கடுத்த வாரம் ஏதோ ஒரு கம்பெனி ஆள் தன் பிரிவென்டரோடு ஊருக்கு வருவதாக ஏற்பாடு.

அவள் முகம் செத்துப்போயிற்று. செத்த முகத்தோடும் வாய் மட்டும் ஓடியது.

"உன் படம் தப்புக்கா."

"எம் படம் தப்பா? உலகமே பாத்து ஒத்துக்கினு இருக்குது. நீ இன்னா பண்ணித் தொலச்சியோ!"

கணினியைத் திறந்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. செம்பு எந்தப் பக்கம் என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. இவள் 'மேலே' என்று கொடுத்திருக்கிறாள். படிப்பாளிகளுக்கு மேல் பக்கம் என்றால் உதிரிகள் உட்கார்ந்திருக்கிற பக்கம். இந்த மாதிரி மலிவு போர்டில் செம்பு கீழே, பார்வைக்கு மறைவாக இருக்கும். செம்பு மேலே என்றால் உதிரிகளும் அதே பக்கத்தில்தான் வரவேண்டும். இவள் பழக்கப்படி வெறும் பக்கத்தில் செருகிச் செம்புப் பக்கத்தில் பத்தவைத்தாள். எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறிப்போனது. டிரான்சிஸ்டர் கால் மாறியது. 'டக்' என்று சத்தம் போட்டு மோட்டாரைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலே, சேர்க்க வேண்டிய நேரத்தில் பிரித்தது, பிரிக்க வேண்டிய நேரத்தில் சேர்த்தது.

"செம்பு எப்படிடி மேல வரும்?" என்று கத்தினேன்.

"பின்ன கீழயா இருக்கும்?" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினாள். "சாமான செருகி, பஞ்சு வச்சி அமுக்கி, சட்டத்தோட கவுத்துத்தான எங்கிட்ட தள்ளுவாங்க? காலையில குந்துனா ராவு வரிக்கும் செம்பத்தான பாத்துக்கினு கெடக்கறன்? எம் மூஞ்சிக்கு நேரா கீறது மேலயா கீழயா? நீயே சொல்லு!"

கம்பெனியில் எங்கள் வரைபட அறைக்கும் அவர்கள் வரிசைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. டீ குடித்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். கவிழ்த்த போர்டும் குனிந்த தலைகளும் தினமும் கண்ணில் பட்டதுதான். ஒரே போர்டு. எனக்கு முதுகாக இருந்தது அவளுக்கு முகமாக இருந்திருக்கிறது. ஒரே வேனில் அத்தனை காலம் அவ்வளவு பேசினோம், இதை மட்டும் பேசியதில்லை. தொகுப்பில் எத்தனை உதிரிக்கு எத்தனை விளக்கம் எழுதினேன்! போர்டை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, ரெசிஸ்டர் நெளிவுக்குச் சண்டை போட்ட அந்த மேதைகளுக்கும் தோன்றவில்லை.

ஒரு கம்பியை மாற்றி ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம் என்றேன்.

"ஒட்டு போட்ட போர்ட எடுத்துக்கினு போனா காறித் துப்புவானுங்க. வாணாம்," என்றாள். மிச்சமிருந்த புது போர்டை எடுத்து, எல்லா உதிரிகளையும் செம்புப் பக்கத்திலேயே வைத்து அந்தப் பக்கத்திலேயே பத்தவைத்தாள். ரிலே அடியில் சூட்டுக்கோலின் முனை போகாது, அதற்கு மட்டும் கம்பியில் கால் கட்டிக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினாள். பல்பு ஒழுங்காக எரிந்து, ஒழுங்காக அணைந்தது. பார்ப்பதற்குத்தான் திருவிழாக் கூட்டத்தில் சட்டையை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி இருந்தது. கை பட்டுவிடாமல் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தகடு போட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினோம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவரின் மோட்டார் கொட்டகையில் பாதி ஊர் இருந்தது. தீர்ப்பு சொல்ல அவர்கள் அழைத்திருந்தது யாரை என்கிறீர்கள்? பாகூரில் காயில் கட்டுகிற மெக்கானிக்கை. மோட்டார் எரிந்தால்தான் அந்த மனிதருக்கு வருமானம். எவ்வளவு பொருத்தமான நடுவர்! பெட்டியைத் திறந்து தகட்டின் வழியே குனிந்து குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, சாமானும் ஈயமும் ஒரே பக்கம் கீது? இந்த மாதிரி நான் பாத்ததே இல்லியே?"

அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"ரிப்பேருன்னா நீ போர்ட கழட்டிக் கவுத்துப் பாக்கணும் இல்லண்ணே? அந்தக் கஷ்டம் உனக்கு வாணாம்னுதான்."

மெக்கானிக் மாட்டச் சொன்னார். மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் தொட்டி நிறையக் கொட்டியது. மெக்கானிக் ஒரு பேஸின் பீஸ் கட்டையைப் பிடுங்கினார்.

மின்சாரம் கண் சிமிட்டியதற்கெல்லாம் நின்றுவிடக்கூடாது என்று, சற்றுப் பொறுத்தே வெட்டுகிற மாதிரி வைத்திருந்தோம். அந்தச் சற்று நேரத்தில் மோட்டார் உறுமிய உறுமல் இன்னும் காதில் இருக்கிறது. பெரியவர், "ஏய், ஏய், எரிஞ்சிடும், நிறுத்து!" என்று பாய்ந்தார். அவள் என் கையைப் பிடித்திருந்தாள். ஈயப் பொட்டு தெறித்துத் தெறித்துக் காய்த்துப்போன விரல்கள். அத்தனை காலத்தில் அவள் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு 'டக்' என்றது. உறுமல் அடங்கி, குழாயில் தண்ணீர் மெலிந்து நின்றது.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவள் தேம்பினாள். தேம்பிக்கொண்டே, "நான்தான் சொன்னன் இல்ல?" என்றாள்.

பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "சரி, எல்லாருக்கும் போட்டுடு. ஆனா பாக்க கொஞ்சம் லட்சணமா செய்யி," என்றார். எரிந்துவிடும் என்று குதித்தவர் வேறு யாரோ.

வீட்டுக்கு வந்ததும் தொகுப்பில் முதல் வேலையாக ஒன்றைச் சேர்த்தேன். புதிதாகத் திறக்கிறவர் முன்னால் போர்டின் இரண்டு பக்கமும் படமாக வரும். ஒன்றில் உதிரிகள், இன்னொன்றில் செம்பும் அதன்மேல் சூட்டுக்கோல் பிடித்த ஒரு கையும். எந்தப் பக்கமிருந்து பார்த்துப் பழக்கமோ அதைத் தொட்டால் போதும், மிச்சத்தை மென்பொருள் பார்த்துத் திருப்பிக்கொள்ளும். இரண்டாவது படத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளைக் கேட்டேன். "பத்தவைக்கிற பக்கம்னு போடேன், இதுக்கு இன்னா யோசன?" என்றாள். அப்படியே போட்டு அனுப்பினேன்.

பொங்கல் வந்தது. மிஷினும் வந்தது, டிபன் கேரியரும் வந்தது. அவளும் வரிசையில் இருந்த இன்னும் சிலரும் எங்கள் கூடத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். என் கணவர் தன் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் குடிபெயர்ந்தார்.

குளிர்நாட்டுக்காரரின் பதில் ஒரு காலை நேரத்தில் வந்தது. மிகவும் பணிவான பதில். முதலில் நன்றி. பிறகு, போர்டை யாரும் இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதில்லையே, அப்படிப் பார்க்கிறவர்கள் யார் என்று தெரிந்தால் பரிசீலிக்கலாம் என்று கேட்டிருந்தார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூடம் முழுக்கக் குனிந்த தலைகள். சட்டத்தில் கவிழ்த்த போர்டுகளில் செம்பு மின்னிக்கொண்டிருந்தது. ஒரு போட்டோ எடுத்தேன், அதில் ஒருத்தி முகமும் தெரியவில்லை. அதைச் சேர்த்து இப்படி எழுதினேன்: 'இவர்கள் பார்க்கிறார்கள். நீங்கள் வரைகிற எல்லா போர்டையும் யாரோ ஒருவர் இந்தப் பக்கமிருந்துதான் பார்த்திருக்கிறார். நான் அதே கம்பெனியில் கண்ணாடிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தும் இது எனக்குத் தெரியாது. ஆகவே நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.'

அனுப்புகிற பொத்தானை அழுத்தும்போது தெருவில் கம்பெனி வேனின் ஹாரன் கேட்டது. பேக்கிங் பிரிவுக்கு ஆள் ஏற்ற இன்னும் வந்துகொண்டிருந்தது. அவள் இங்கே இருப்பது தெரிந்து பழைய பழக்கத்தில் டிரைவர் நிறுத்தி, மறுபடி மறுபடி அடித்தான். பத்தவைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"யாராச்சும் போயி சொல்லுங்கடி, ஆளு வேலையில கீதுன்னு."

யாருக்கும் கை ஒழியவில்லை. நான் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.